பாதாளம் தண்ணீர் குடித்த கதை

அவரை எல்லோரும் பாதாளம் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைப் பள்ளிக்கூடத்துக்கும் பாங்குக்கும் ஒதுக்கிவிட்டார்கள். கிணற்றில் விழுந்த வாளியை, குடத்தை எடுக்க ஏகப்பட்ட கொக்கிகள் தொங்கும் இரும்புச் சாமான் ஒன்று இருக்கிறதே, பாதாளக் கரண்டி, அதைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு கிணிங் கிணிங்கென்று போய்வந்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர் இது. சைக்கிள் போய் சரக்கு ஆட்டோ வந்துவிட்டது, பெயர் மட்டும் போகிற வழியைக் காணோம். மனைவிக்குக் கோபம் வந்தால் "யோவ் பாதாளம்!" என்பாள். கோபம் வராதபோதும் அதேதான்; கொஞ்சம் இழுத்துச் சொல்வாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

தொழில், கைவிட்ட கிணறுகளை மூடுவது. சிரிக்காதீர்கள். சிரித்தவர்கள் எல்லாம் அவரிடம் மாட்டிக்கொண்டு முழித்திருக்கிறார்கள். "வெட்டுறதுக்கு ஆள் வேணும், சரி. மூடுறதுக்கு எதுக்குங்க ஆளு? நாலு லோடு மண்ணைக் கொட்டினா முடிஞ்சுது" என்று யாராவது வாயைக் கொடுத்துவிட்டால் போதும், மனிதர் அவர்கள் தோளில் கைபோட்டு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்.

"மேல விழுற தண்ணி பூமிக்குள்ள எப்படிப் போகுது? மண்ணு, மணலு, பாறைன்னு ஒண்ணொண்ணா தாண்டி, வடிகட்டி வடிகட்டித்தான் போகும். கிணத்துல போட்டீங்கன்னா? வடிகட்டியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. நேரா போய் அடியில ஓடுற தண்ணியோட சேர்ந்துக்கும். நீங்க இங்க விடுற சாக்கடை, நாலு வீடு தள்ளி உங்க சித்தப்பா குடிக்கிற டம்ளர்ல இருக்கும்."

சித்தப்பாவே இல்லாதவர்களுக்கும் அவர் கணக்கில் ஒரு சித்தப்பா உண்டு. கேட்டவர்கள் அன்றைக்கு வீட்டுக்குப் போய் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்கள்.

தொழிலில் அவருக்கு இரண்டு பிடிவாதங்கள். அடியைக் கண்ணால் பார்க்காமல் எந்தக் கிணற்றையும் மூட மாட்டார். இது பட்டுத் தெரிந்துகொண்டது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கிணற்றைத் தூர் வாராமல் அப்படியே மண்ணைக் கொட்டி நிரப்பிவிட்டார். உள்ளே எவரோ போட்ட இரும்புக் கட்டில் ஒன்று பாதி ஆழத்தில் குறுக்கே சிக்கியிருந்தது. கொட்டிய மண்ணெல்லாம் கட்டில் மேல் சொகுசாகப் படுத்துக்கொண்டது. மேலிருந்து பார்த்தால் கிணறு நிறைந்த மாதிரி இருக்கிறது, கீழே பாதி வெறும் ஓட்டை. அடுத்த மழையில் கட்டில் முறிந்தது. அந்த இடத்தில் நிறுத்தியிருந்த வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் கைப்பிடி வரைக்கும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. ஸ்கூட்டர் போனால் போகிறது, அந்த ஓட்டை வழியாக மழைத்தண்ணீர் அத்தனை அழுக்கையும் இழுத்துக்கொண்டு உள்ளே போனதுதான் பாதாளத்தின் மனதில் முள்ளாகத் தைத்தது.

இரண்டாவது பிடிவாதம், கிணற்றிலிருந்து வந்த பொருள் எதுவானாலும் கழுவி உடையவர் கையில் கொடுத்துவிட வேண்டும். பூட்டுச் சாவி, கரண்டி, மூக்குக்கண்ணாடி, ஒரு தடவை முழுப் பல்செட். பல்செட்டுக்கு உரிமை கொண்டாடி யாரும் வரவில்லை. அந்தத் தெருவில் வாயைத் திறக்காமல் சிரித்த ஒரு பெரியவர் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தார்கள். பாதாளத்தோடு கப்பி இழுக்கிற கூட்டாளி ஒருவர் உண்டு. எது சொன்னாலும் "சரி" என்பதைத் தவிர வேறு பேச்சு வராது, அதனால் அவர் பெயரே சரி. இந்த இரண்டாவது வேலை அவர் பொறுப்பு. சொல்ல வேண்டியதே இல்லை, கை பாட்டுக்குச் செய்யும்.

இப்படி ஊரார் பொருளையெல்லாம் தேடித் தேடிக் கொடுத்த மனிதருக்குச் சொந்த அக்கா வீட்டில் என்ன பெயர் தெரியுமா? திருடன்.

யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட இரண்டு வார்த்தை சண்டை போட்டு முடித்திருக்கலாம். நடந்தது இதுதான். பத்து வருஷத்துக்கு மேலிருக்கும். அப்போது பாதாளம் அக்கா வீட்டில் தண்ணீர் மோட்டார் மாட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அக்கா வீட்டுக்காரர், அதாவது மாமா, இரும்புக்கடையில் கணக்கு எழுதுகிறவர். ஓய்வு நேரத்தில் ட்ரம்பெட் ஊதக் கற்றுக்கொண்டிருந்தார். கற்றுக்கொண்டிருந்தார் என்றுதான் சொல்ல முடியும், ஊதினார் என்று சொன்னால் ட்ரம்பெட் கோபித்துக்கொள்ளும். அதைக் கையில் வாங்கிப் பார்த்த பாதாளம், "நல்ல கனம் மாமா. சுத்தப் பித்தளை" என்று ஒரு வார்த்தை சொன்னார். வாய் சும்மா இருந்ததா பாருங்கள்! அடுத்த வாரம் ட்ரம்பெட்டைக் காணோம்.

கொஞ்ச நாள் கழித்துக் கசிகிற குழாயை முறுக்கப் போனார். அவர் போய்வந்த மறுநாள் அக்காவின் எடை பார்க்கும் மெஷினைக் காணோம். அதற்குப் பிறகு ஒருநாள் அவர் அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். அக்கா டம்ளரோடு வந்தாள். அந்த நேரம் பார்த்து மாமா எழுந்து போய் பீரோவைப் பூட்டினார். க்ளிக். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

பாதாளத்துக்கு ரத்தம் சுண்டிப்போனது. அக்கா முகத்தைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"இனிமே இந்த வீட்டுல பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்."

குடிக்கவுமில்லை. வராமல் இருந்தாரா என்றால் அதுவும் இல்லை, கூடப் பிறந்தவளாயிற்றே. நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் வந்தார், கையில் ஒரு தண்ணீர் பாட்டிலோடு. அக்கா வைத்ததைச் சாப்பிடுவார், தொண்டையில் அடைத்தாலும் சொந்த பாட்டிலைத்தான் திறப்பார். அக்கா மகள் கல்யாணத்தில் பரிசுப் பொருள் மேசைக்குப் பக்கத்தில் மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்ததையும் பார்த்தார். பார்த்துவிட்டு பாட்டிலைத் திறந்து இரண்டு மடக்குக் குடித்தார். ஒவ்வொரு தடவையும் கிளம்பும்போது மனைவிதான் அதை நிரப்பிக் கொடுப்பாள். "உங்க ரோஷத்துக்கு இன்னும் பெரிய பாட்டிலா வாங்கணும்" என்று சொல்லிக்கொண்டேதான் கொடுப்பாள்.

இப்போது தெருக் கதைக்கு வருவோம். அக்கா வீட்டுக் கொல்லையில், குளியலறைக்கும் மதில் சுவருக்கும் நடுவே ஒரு பழைய கிணறு. குழாய் வந்ததிலிருந்து அதில் இறைப்பார் யாருமில்லை. மேலே ஒரு தகரத்தைப் போட்டு, தகரத்தின் மேல் உடைந்த தொட்டியை வைத்து, அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். ஆனால் எல்லோருக்கும் அது வேண்டியிருந்தது. அக்காவின் சமையலறைத் தண்ணீர் அதில்தான் விழும். மதிலுக்கு அந்தப் புறம் பைக் மெக்கானிக் ஷெட்; அவர் கழுவி விடுகிற எண்ணெய்த் தண்ணீர் சுவர் ஓட்டை வழியாக வந்து அதில்தான் விழும். நாலு வீடு தள்ளி, தெருவுக்கே தண்ணீர் தருகிற போர்வெல். யாருக்கும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

மாடி வீட்டு டீச்சருக்குத் தோன்றியது. அவர்தான் தெருத் தண்ணீருக்குப் பொறுப்பு. ஒருநாள் காலை அவர் வீட்டுக் காப்பியில் மண்ணெண்ணெய் வாசம் அடித்தது. காப்பி விஷயத்தில் டீச்சர் யாரையும் மன்னிக்கிறவர் அல்ல. தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பினார், படுமோசமான பெயில். குடிக்கக் கூடாது என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு, எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று மோப்பம் பிடித்துக்கொண்டே போய் அக்கா வீட்டுத் தகரத்தைத் தூக்கிப் பார்த்தார். குப்பென்று அடித்தது.

"இதை உடனே மூடணும். முறையா மூடணும்" என்றார் டீச்சர்.

அப்போதுதான் அதிசயம் நடந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து ஃபேனை எந்த நம்பரில் வைப்பது என்றுகூட ஒத்துப்போகாத அக்காவும் மாமாவும் ஒரே குரலில் சொன்னார்கள்: "நாளைக்கே ஒரு லோடு இடிச்ச கல்லைக் கொட்டி மூடிடறோம்!" சொல்லிவிட்டு ஒருவரையொருவர் ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டார்கள். டீச்சருக்குச் சந்தேகம் தட்டியது. நேராகப் பாதாளத்துக்குப் போன் போட்டார்.

மறுநாள் காலை லாரி தெருவுக்குள் பின்பக்கமாக வந்துகொண்டிருக்கிறது, பாதாளம் அதன் பின்னால் போய் நின்றுகொண்டார். கையில் தண்ணீர் பாட்டில்.

"ஒரு கல்லு உள்ள விழுந்துச்சு, நானும் கூடவே குதிச்சிருவேன்."

"நகருங்கண்ணே, எனக்கு அடுத்த லோடு இருக்கு" என்றார் டிரைவர்.

"தம்பி, உங்க வீடு எங்க?"

"ரெண்டு தெரு தள்ளி."

"சித்தப்பா இருக்காரா?"

அவ்வளவுதான். பேச்சு முடிந்தபோது டிரைவர் லாரியைத் திருப்பிக்கொண்டு வீட்டில் எந்தத் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று விசாரிக்கப் போய்விட்டார்.

பாதாளம் தகரத்தை விலக்கி, கயிறு விட்டு ஆழம் பார்த்துக்கொண்டிருந்தபோது அக்கா சமையலறையிலிருந்து சைகை காட்டினாள். உள்ளே போனார். கதவைச் சாத்திவிட்டாள்.

"டேய் தம்பி. மேலேயே ஒரு கான்கிரீட்டைப் போட்டு மூடிடேன்டா. அடியெல்லாம் எதுக்கு வாரிக்கிட்டு?"

"அடியைப் பார்க்காம நான் மூட மாட்டேன்னு உனக்குத் தெரியாதா?"

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது. "அந்த ட்ரம்பெட் உள்ளதான்டா கிடக்கு. நான்தான் போட்டேன்."

பாதாளம் பக்கத்திலிருந்த மாவு டின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரே பாட்டோட முதல் வரிடா! ரெண்டு வருஷமா அதே முதல் வரி. ரெண்டாவது வரி வந்திருந்தாகூட நான் பொறுத்திருப்பேன். ஒருநாள் தலைவலி தாங்காம கொண்டுபோய்ப் போட்டுட்டேன். அவருக்குத் தெரிஞ்சா மனசு உடைஞ்சிடும்டா, அவ்வளவு ஆசையா வெச்சிருந்தாரு."

"அப்ப என் மனசு?"

"சொல்லிடலாம்னுதான் இருந்தேன். அப்புறம் நீ என் மெஷினை எடுத்துட்டுப் போயிட்டியே. சரி, எப்படியும் எடுக்கிறவன்தானேன்னு... விட்டுட்டேன். அன்னிக்கு உனக்குக் கஷ்டம், எனக்குத் தெரியும், நான் அதைக் குத்தமா எடுத்துக்கலை."

என்ன பெருந்தன்மை பாருங்கள்! யாரிடமும் சொல்லக் கூடாது என்று அக்கா தன் தலைமேல் கை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். பாதாளம் வெளியே வந்தார்.

வெளியே மாமா காத்திருந்தார். முழங்கையைப் பிடித்துக் குளியலறைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். இத்தனை வருஷத்தில் அவர் மச்சினனைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"மாப்ளே, உன் காலைத் தொட்டுக் கேட்டுக்கறேன். வாராம மூடிடு."

பாதாளத்துக்கு ஏதோ புரிய ஆரம்பித்தது. "உள்ள என்ன மாமா கிடக்கு?"

"உங்க அக்காவோட எடை மெஷின்."

பாதாளம் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர் என்னைக் கொஞ்சம் இளைக்கச் சொன்னாரு, அவ்வளவுதான். இவ அந்த மெஷினை வாங்கிட்டு வந்து, தினம் காலையில பல்லு விளக்குறதுக்கு முன்னாடி என்னை ஏத்தி நிறுத்தி நம்பரைச் சத்தமா படிப்பா. மெக்கானிக் சுவருக்கு அந்தப் பக்கத்துல இருந்து, 'என்ன சார், இன்னிக்கு அரைக் கிலோ கூடவா'ன்னு விசாரிப்பான். மனுஷன் எவ்வளவுதான் தாங்குவான்?"

"அதுக்கு நான்தான் கிடைச்சேனா மாமா?"

"நீ என் ட்ரம்பெட்டை எடுத்தல்ல?" மாமாவின் குரலில் நியாயம் கேட்கிறவனின் தைரியம் வந்துவிட்டது. "எடுத்தவன் தலையில இன்னொண்ணு போனா என்ன பெருசா கெட்டுடும்னு இருந்துட்டேன். அவகிட்ட மட்டும் சொல்லிடாதே. வீட்டை ரெண்டாக்கிடுவா."

ஆக, இத்தனை வருஷமாக இந்த வீட்டில் இரண்டு பேரும் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்கள். ஒன்றை நாம் மறைத்தோம், ஆனால் மற்றொன்றை அவன் எடுத்தான்தானே என்று அக்கா கணக்கு. அதையே திருப்பிப் போட்டு மாமா கணக்கு. இரண்டு பாதியையும் ஒட்டி முழுத் திருடனாகத் திரிந்தவர் பாதாளம்.

கிணற்றுச் சுவரில் வந்து உட்கார்ந்தார். தெருவைக் கூட்டி வைத்து இரண்டையும் போட்டு உடைத்தால் என்ன? சொல்லிவிடலாம், ஐந்து நிமிஷத்தில் தன் பெயர் சுத்தமாகிவிடும். அந்த ஐந்து நிமிஷத்தில் அக்கா வீடு நாறிப்போகும். தன்னிடம் கெஞ்சிய இரண்டு முகமும் கண்முன் வந்து நின்றன. தண்ணீருக்கு மட்டும்தான் நான் பொறுப்பு என்று சொல்லிக்கொண்டார். ஆசை ஆசையாய்க் காத்திருந்த நாள் வந்து, அதைத் தானே கையால் தள்ளிவிடுகிறோமே என்றும் இருந்தது. பாட்டிலைத் திறந்து குடித்தார்.

வேலை ஆரம்பித்தது. மோட்டார் வைத்துக் கறுப்புத் தண்ணீரைத் தெருவில் விடாமல் டாங்கர் லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். மூன்று கம்பம் நிறுத்திக் கப்பி மாட்டி, கிணற்றுக்குள் காற்று நன்றாக இருக்கிறதா என்று கருவி இறக்கிப் பார்த்தபிறகு, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு பாதாளம் இறங்கினார். வாளி வாளியாகச் சேறு மேலே போனது. செருப்பு, டப்பா, பைக் செயின், மெக்கானிக் பல வருஷமாகத் தேடிய ஸ்பேனர். தெருவே மதில் மேல் தலைகளாக முளைத்து வேடிக்கை பார்த்தது. அக்காவும் மாமாவும் ஆளுக்கொரு மூலையில் நின்று வியர்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடியில் முதலில் தட்டுப்பட்டது மெஷின். ஓரடி தள்ளிக்கூட இல்லை, அதற்கு அடியிலேயே ஒட்டிக்கொண்டு ட்ரம்பெட். இரண்டும் ஒன்றாகக் குடித்தனம் நடத்தியிருக்கின்றன. பாதாளம் யார் கண்ணிலும் படாமல் உள்ளேயே இரண்டு சாக்கில் தனித்தனியாகக் கட்டி, குப்பை வாளியோடு அனுப்பி, மேலே வந்ததும் தானே தூக்கிக்கொண்டுபோய் ஆட்டோவில் தார்ப்பாய்க்கு அடியில் போட்டார். ஊருக்கு வெளியே பழைய இரும்புக்காரரிடம் சத்தமில்லாமல் தள்ளிவிடுவதாகத் திட்டம். பிறகு களிமண் லோடு ஏற்றி அனுப்புவதற்காக மெக்கானிக்கின் பைக்கை வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

சத்தியம் சத்தியமாயிற்றே, கூட்டாளியிடம்கூட மூச்சுவிடவில்லை. அங்கேதான் கோட்டைவிட்டார்.

கூட்டாளி சரி ஆட்டோவில் கயிறு எடுக்கப் போனார். தார்ப்பாய்க்கு அடியில் சேறு சொட்டும் இரண்டு சாக்கு. அடடா, அண்ணன் மறந்துவிட்டார் போலிருக்கிறதே! பிரித்தார். வாளித் தண்ணீரில் தேய்த்துக் கழுவினார். யாருடையது என்று தெரியாமல் இரண்டையும் மதில் பக்கம் தூக்கிக் காட்டினார். பதில் சொல்லத் தெருவே தயாராக இருந்தது. "ஐயோ, அது சார் ஊதுற ட்ரம்பெட்டாச்சே!" என்றார் ஒருவர். "அந்த மெஷின் அக்காவோடது. தினம் நம்பர் கேட்டிருக்கேனே" என்றார் மெக்கானிக். சரி நேராகப் போய் ட்ரம்பெட்டை மாமா கையிலும் மெஷினை அக்கா கையிலும் வைத்தார்.

பாதாளம் திரும்பி வந்தபோது மாமா துவைக்கிற கல் மேல் உட்கார்ந்திருந்தார், மடியில் பச்சை பிடித்த ட்ரம்பெட். அக்கா சமையலறை வாசலில், நெஞ்சோடு அணைத்த மெஷின். நடுவில் நல்ல காரியம் செய்த முகத்தோடு சரி.

"கிணத்துல கிடந்துச்சாம்" என்றாள் அக்கா.

மாமாவுக்கு முகமெல்லாம் வேர்த்து வடிந்தது. மெஷின் பேச்சு வருவதற்குள் ட்ரம்பெட் பேச்சை எடுத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், "மாப்ளே, எடுத்துட்டுப் போய் விக்க முடியாம இதுக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்தியா?" என்றார்.

மதில் மேலிருந்த தலைகள் எல்லாம் பாதாளத்தின் பக்கம் திரும்பின. அவர் அக்காவைப் பார்க்கவில்லை. மாமாவைப் பார்க்கவில்லை. கிணற்றுச் சுவர் மேலிருந்த பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, அண்ணாந்து குடித்தார்.

அதைப் பார்த்துத்தான் அக்காவுக்கு என்னவோ ஆகிவிட்டது.

"நான்தாங்க போட்டேன்!" என்று கத்தினாள். "ட்ரம்பெட்டை நான்தான் போட்டேன். காலையிலயே அவன்கிட்ட சொன்னேன். சொல்லாதேன்னு சத்தியம் வாங்கினேன். இப்பக்கூட வாயைத் திறக்கலை பாருங்க என் தம்பி! மெஷினை மட்டும்தான் அவன்..."

நிறுத்தினாள். கையிலிருந்த மெஷினைப் பார்த்தாள். கிணற்றைப் பார்த்தாள். மெல்லத் திரும்பி மாமாவைப் பார்த்தாள்.

"ஏங்க."

மாமா ஆகாயத்தைப் பார்த்தார். "ஒரே ஒரு தடவைதான் போட்டேன்" என்றார்.

தெரு கொல்லென்று சிரித்தது. டீச்சர் மட்டும் கைதட்டினார். ஆனால் பாதாளம் சிரிக்கவில்லை. அடக்கி அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் உடைந்தது.

"சிரிப்பா இருக்கா? பீரோவைப் பூட்டினீங்களே மாமா, அந்தச் சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. எங்க அக்காவே என்னைத் திருடன்னு நினைக்கிறா, என் பொண்டாட்டியும் என்னிக்காவது நினைச்சிருப்பாளோன்னு எத்தனை நாள் தூங்காம கிடந்திருப்பேன்? போற வீட்டுல எல்லாம் ஒரு சாவி விழுந்தாக்கூட, நானே முந்திக்கிட்டு என் பையைத் திறந்து காட்டியிருக்கேன், தெரியுமா?"

சிரிப்பு நின்றுவிட்டது. மாமா எழுந்து வந்தார், ட்ரம்பெட்டை அவரிடம் நீட்டினார். "நீயே வெச்சுக்கோ மாப்ளே." பாவம், அவரிடம் அதைவிடப் பெரிய பொருள் எதுவும் இல்லை.

அக்கா உள்ளே ஓடினாள். டம்ளர் நிறையத் தண்ணீரோடு வந்தாள். வந்த வேகத்தில் பாதி வழியெல்லாம் சிந்தியது. "குடிடா. உன் அக்கா கையால குடிடா."

பாதாளம் வாங்கினார். வாய்வரைக்கும் கொண்டுபோனார். மூக்கு சுருங்கியது. டம்ளரை இறக்கிவிட்டார்.

"இன்னும் கோவமாடா?"

"கோவம் இருக்கு. அது வேற கணக்கு. இது குழாய்த் தண்ணிதானே? பெயில் ஆன தண்ணி, அக்கா. குடிக்கக் கூடாது."

பதற்றத்தில் தெருத் தண்ணீரையே பிடித்துவிட்டாள். "ஐயோ, கேன் தண்ணி இருக்கு, கொண்டு வரட்டுமா?"

"கேன் தண்ணியா? இத்தனை வருஷம் காத்துக்கிடந்துட்டுக் கடைசியில கேன்லயா முடிக்கிறது? இந்த வீட்டுக் குழாய்த் தண்ணிதான். கிணத்தை மூடிட்டு வரேன், இரு."

அந்தக் கிணற்றை மூடிய மாதிரி பாதாளம் வேறெந்தக் கிணற்றையும் மூடியதில்லை. அடியைக் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்டார். தண்ணீர் ஊறும் உயரம் வரைக்கும் சுத்தமான ஜல்லியும் மணலும். அதற்கு மேல் களிமண்; கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, நனைத்து, காற்று புகக்கூட இடமில்லாமல் திமிசுக் கட்டையால் இடித்து இடித்து ஏற்றினார். இடிக்கும் ஒவ்வொரு இடிக்கும் பத்து வருஷக் கோபத்தில் கொஞ்சம் கரைந்தது. மேலே கிணற்றுச் சுவரின் செங்கல் வரிசைகளைப் பெயர்த்து எடுத்துவிட்டு, களிமண் சுற்றியுள்ள தரையோடு ஒட்டிக்கொள்ளும்படி அகலமாக அடைத்து, அதன் மேல் கான்கிரீட், கான்கிரீட் மேல் மண்மேடு. மழைத்தண்ணீர் நிற்காமல் நாலு பக்கமும் வழிந்துவிடும். மெக்கானிக் சுவர் ஓட்டையைத் தானே அடைத்து எண்ணெய்க்குத் தனித் தொட்டி கட்டிக்கொண்டார். அக்காவின் சமையலறைத் தண்ணீர் சாக்கடைக் குழாய்க்குத் திரும்பியது. மாமா கேட்காமலேயே மண் கூடை சுமந்தார். அந்த வாரத்தில் டாக்டர் கேட்டதற்கு மேலேயே இளைத்துவிட்டார்; எடை பார்க்கத்தான் வழியில்லை. துருப்பிடித்த மெஷினில் யார் ஏறினாலும் ஒரே நம்பர்தான் காட்டியது. மாமாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று.

ஆனால் பூமிக்கு நம்முடைய அவசரமெல்லாம் தெரியாது. அடுத்த டெஸ்டிலும் தண்ணீர் பெயில். அதற்கடுத்ததில் வாசம் போயிருந்தது, இருந்தும் பெயில். மாமா தினமும் டீச்சர் வீட்டு வாசலில் போய் நின்றார், பரீட்சை எழுதிய பையன் மாதிரி. பாதாளம் வழக்கம்போல வந்து போனார், பாட்டிலோடு. அக்கா அதைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மழைக்காலம் வந்து போன பிறகு ஒருநாள் டீச்சர் போன் செய்தார். "பாஸ். முதல் காப்பி நான் குடிச்சாச்சு."

பாதாளம் சட்டையை மாட்டிக்கொண்டு, பழக்க தோஷத்தில் பாட்டிலுக்குக் கை நீட்டினார். மனைவி கொடுத்தாள். தூக்கிப் பார்த்தால் லேசாக இருந்தது.

"காலியா இருக்கே?"

"ஆமா. வரும்போது உங்க அக்கா வீட்டுல பிடிச்சுட்டு வாங்க."

வாசலிலேயே நின்று கொஞ்ச நேரம் மூடியைத் திருகித் திருகித் திறந்துகொண்டிருந்தார்.

"ஏன் பாதாளம், என்னிக்காவது நான் உங்களை அப்படி நினைச்சிருப்பேன்னா தூங்காம கிடந்தீங்க?" என்றாள் அவள். "சரி அண்ணன் சொன்னாரு. அவரே அவ்வளவு நீளமா பேசிட்டாருன்னா பாருங்களேன். போங்க, போய்க் குடிச்சுட்டு வாங்க."

அக்கா வீட்டுக் கூடத்தில் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். பீரோ எதிரே நின்றது. பூட்டு இருந்த இடத்தில் வெறும் ஓட்டை; மாமாவே கழற்றியிருந்தார், கதவு சரியாகச் சாத்தாமல் ஆவென்று திறந்துகிடந்தது. மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இந்தத் தடவை எழுந்திருக்கவில்லை.

அக்கா டம்ளரோடு வந்தாள். பாதாளம் மோந்து பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தொழில் புத்தி எங்கே போகும்? பிறகு ஒரே மூச்சில் குடித்தார். கடைசிச் சொட்டுவரை குடித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைக்கவுமில்லை, மறைக்கவுமில்லை.

"எப்படிடா இருக்கு?" என்றாள் அக்கா.

பாதாளம் டம்ளரை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துக்கா."